கடைசி பெஞ்சில் டிரைவர்

டீச்சர் முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவள். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே வீடு அலுத்துப்போய், வெளிநாட்டில் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க எழுதிப் போட்டாள். இடமும் கிடைத்துவிட்டது.

மகள்தான் போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள். "அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போனா, டீ போடறேன்னு சமையலறையையே கொளுத்திடுவார்மா. கூடவே கூட்டிட்டுப் போயிடு."

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் அங்க வந்து என்னம்மா பண்றது?" என்று மனைவியைக் கேட்டார்.

"சும்மா இருங்க. அதான் உங்களுக்கு நல்லா வருமே."

இரண்டு விமானம் மாறி, கடைசியில் ஜீப்பில் மலை ஏறினார்கள். பின் சீட்டில் உட்கார்ந்த நம் பஸ் டிரைவர், வளைவுக்கு வளைவு, காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கால் வீங்கிவிட்டது.

உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் தன் வீட்டு மாடியை ஒழித்துக் கொடுத்தாள். அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவோடு திரிந்ததால் டிரைவர் அவளுக்குக் குல்லா என்றே பெயர் வைத்தார். காலையில் கன்றுக்குட்டியோடு குல்லா பேசும் பேச்சு மாடி வரை கேட்கும். ஆனால் வகுப்பில் அவள் வாயிலிருந்து ஒரு முத்து உதிராது.

"போன வருஷம் ஒரு வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டா. வகுப்பே சிரிச்சுது. அன்னிக்கு மூடின வாய்தான்" என்றார் தலைமை ஆசிரியர்.

படம் காட்டி, மிட்டாய் கொடுத்து, தனியாகக் கூப்பிட்டு வைத்து, டீச்சர் தலைகீழாக நின்று பார்த்தாள். ஒரு மாதம் போனதுதான் மிச்சம்.

அப்புறம் குளிர் ஆரம்பித்தது. பகலில் கணப்பு எரிந்த இடம் வகுப்பறை ஒன்றுதான். நடுங்கிக்கொண்டே டிரைவர் அங்கே வந்து நின்றார்.

"வந்தா பாடத்தைக் கவனிக்கணும். இங்க நீங்க என் வீட்டுக்காரர் இல்ல, ஸ்டூடண்ட்."

"சரிங்க டீச்சர்" என்று முழங்கால் இடிக்க இடிக்கக் கடைசி பெஞ்சில், குல்லாவுக்குப் பக்கத்தில், தன்னைத் திணித்துக்கொண்டார்.

அன்றைக்கு ஆளுக்கொருவராக எழுந்து, நேற்று என்ன செய்தோம் என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். டிரைவர் முறை வந்தது.

"யெஸ்டர்டே ஐ கோ டு ரிவர். ஐ சீ பிக் ஃபிஷ். ஃபிஷ் சீ மீ. போத் ரன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக அவரே சிரித்தார். டீச்சருக்குக் காது சிவந்துவிட்டது.

"என் மானத்தை வாங்காதீங்க" என்று சாயங்காலம் பொரிந்து தள்ளினாள். "உங்களைப் பார்த்து அதுங்களும் தப்பாவே கத்துக்கும்."

"நாளைக்குச் சரியாப் பேசிடறேன்" என்றார்.

மறுநாள் கூப்பிடாமலேயே எழுந்து நின்றார். "யெஸ்டர்டே ஐ கோ டு ஷாப்..."

"வென்ட்."

பக்கத்திலிருந்து, நூல் மாதிரி ஒரு குரல். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. சத்தமாச் சொல்லு என்று டீச்சருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

டிரைவர் குனிந்து, "வாட்?" என்றார்.

"வென்ட். ஐ வென்ட்." குல்லாவின் குரலில் கொஞ்சம் எரிச்சலே இருந்தது.

"ஓ! தேங்க்யூ டீச்சர்." அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "யெஸ்டர்டே ஐ வென்ட் டு ஷாப். ஐ பை சோப்."

"பாட்!" இந்த முறை கரும்பலகை வரை கேட்டது.

பள்ளி விட்டு டீச்சரும் டிரைவரும் சரிவில் இறங்கி வந்தார்கள்.

"வேணும்னேதானே தப்பாப் பேசினீங்க?"

"வேணும்னு தப்பாப் பேசற அளவுக்கு எனக்கு ஏதும்மா இங்கிலீஷ்?"

அவள் சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சற்றுத் தூரம் நடந்த பிறகு, "எங்கிட்ட இத்தனை வருஷம் படிச்ச பிள்ளைங்கள்ல எத்தனை பேரு பயந்துக்கிட்டே வாயைத் திறக்காமப் போயிருப்பாங்களோ" என்றாள்.

அவர், "கல்லு வழுக்குது, பார்த்து வா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து டீச்சர் ஒரு ஏற்பாடு செய்தாள். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் அவர்கள் பாஷையை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் நாள் 'கதவைத் திற' என்று சொல்லப்போய், 'ஆட்டைத் திற' என்று வந்துவிட்டது. வகுப்பு அதிர்ந்தது. தப்பே செய்து பழகாத மனுஷி, முகம் வெளுத்துப்போய் நின்றாள். இரண்டாம் நாள் கால் வகுப்புக்குள் போக மறுத்தது. ஆனாலும் போனாள். இரண்டாவது வாரத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குல்லாதான் கண்டிப்பான வாத்தியார். பதினோரு தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் கல்வி அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். யார் படிப்பீர்கள் என்று அவர் கேட்டதும், எழுந்தது குல்லா. ஒரு பக்கம் முழுதும் படித்தாள். இரண்டு இடத்தில் தப்பு. இரண்டு இடத்திலும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள். டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணிமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும் காலையில் ஜீப் வாசலில் நின்றது. கிடங்கு வேலைக்கு அன்று லீவு போட்டிருந்த குல்லாவின் அம்மா பெட்டியைக் கட்டித் தந்தாள். அதற்குள் அவள் பேச்சு டீச்சருக்கு முக்கால்வாசி புரிந்தது.

"முன்னாடி ஒரு பாஷையில தொணதொணன்னா. இப்ப ரெண்டு பாஷை. என் காது என்னத்துக்காகும்? இப்படிப் பண்ணி வச்சுட்டு நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டீங்க" என்று சண்டைக்கு வந்தவள், கயிற்றின் கடைசி முடிச்சைப் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தாள்.