நாலாவது ஆளாக ஒரு கல்

விளையாட்டு என்றால் ஒரு கட்டம் வேண்டாமா, காய் வேண்டாமா? ராஜ்கமல் பெங்களூரிலிருந்து கொண்டுவந்திருந்த பெட்டியில் அதெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு மெல்லிய புத்தகம், ஆளுக்கொரு அட்டை, இரண்டு பகடை, அவ்வளவுதான். பெட்டியின் மேல் ஒரு விண்வெளிக் கப்பல் செம்மண் நிறக் கிரகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தை வைத்திருப்பவன் கதை சொல்வானாம். மற்றவர்கள் அந்தக் கப்பலின் ஆட்களாக மாறி, இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லுமாம். கௌசல்யாவுக்கு அது தாயம் மாதிரிதான் பட்டது. காய் மட்டும் நாமே.

அவள் விளையாட வரவில்லை. அகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயிலில் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் ராஜ்கமல் வீட்டுக்கு வந்தது இரண்டு பேரின் முகத்தைப் பார்க்க. மூன்று வருஷத்துக்கு முன்னால், மாம்பழ சீசனில், அவளுடைய அண்ணன் அய்யனாரும் ராஜ்கமலும் சிவபிரகாஷும் நத்தம் பக்கம் போனார்கள். இரண்டு பேர்தான் திரும்பினார்கள். அய்யனார் அங்கிருந்தே திருப்பூர் பஸ் ஏறிவிட்டான், வேலை கிடைத்திருக்கிறதாம் என்றார்கள். அன்றோடு சரி, ஒரு தகவலும் இல்லை. போலீசும் தேடி ஓய்ந்துவிட்டது. அம்மா இன்றைக்கும் மாதம் தவறாமல் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்கிறாள். அவன் இருக்கிறானா, இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும் கௌசல்யாவுக்கு. இரண்டு பேரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்பது அவளுடைய எண்ணம். அதனால்தான், "சும்மா வா தங்கச்சி, புது விளையாட்டு" என்று ராஜ்கமல் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் கிளம்பினாள்.

"கௌசல்யா கேப்டன். சிவா பைலட். பானு டாக்டர்," என்று ராஜ்கமல் அட்டைகளைப் பிரித்துக் கொடுத்தான்.

பானுப்ரியா அவன் மனைவி. சின்னாளபட்டிப் பெண், கல்யாணமாகி நாலு மாதம், பழைய கதை எதுவும் தெரியாது. கையில் வாங்கிய அட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"மூணு பேரா கிளம்பக் கூடாதுங்க. போற காரியம் வெளங்காது."

"இது விளையாட்டு, பானு."

"விளையாட்டுன்னா மட்டும்? செத்த இருங்க."

நம் பக்கத்தில் இது தெரியாதவர்கள் யார்? பெண் பார்க்கப் போனாலும் சரி, இடம் பார்க்கப் போனாலும் சரி, மூன்று பேராக அமைந்துவிட்டால் ஒரு கல்லை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார்கள். கல் நாலாவது ஆள். ராக்கெட்டில் போகிறவர்களுக்கும் அதே சட்டம்தான் என்று முடிவு கட்டியவள் பானுப்ரியா ஒருத்தியாகத்தான் இருப்பாள். செம்பருத்தித் தொட்டியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து காலி நாற்காலியில் வைத்தாள். மிச்சமிருந்த மெக்கானிக் அட்டையை அதற்கு நேராக வைத்தாள்.

"இவருக்கு என்ன பேரு?"

நத்தம் போன அன்றைக்கும் மூன்று பேர்தான். கல் எடுத்துக்கிட்டுப் போ என்று அம்மா சொன்னதற்கு அண்ணன் சிரித்துக்கொண்டே போனான்.

"அய்யனார்," என்றாள் கௌசல்யா.

யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. சிவபிரகாஷின் கையிலிருந்த டீ தளும்பி மடியில் கொட்டியது. ராஜ்கமல் மட்டும் சிரித்தான். சிரித்த வாயை மூட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதல் அரைமணி நேரம், சொன்னால் வெட்கம், அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ராஜ்கமல் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அந்தக் கிரகம் கண்ணுக்கு முன்னால் விரிந்தது. குஜிலியம்பாறைக் காட்டைப் போல வறண்டு கிடக்கும் வெட்டவெளி. தரைக்கு அடியிலிருந்து யாரோ அனுப்பும் சிக்னல். சிவபிரகாஷ் பகடையை உருட்டிக் கப்பலைப் பத்திரமாக இறக்கினான். மெக்கானிக்குக்காகப் பானுப்ரியா உருட்டினாள். ஒன்றும் ஒன்றும் விழுந்தது. தாயத்தில் அது அதிர்ஷ்டம், இந்த ஆட்டத்தில் அதைவிட மோசமான எண் இல்லை. "புதுசுதானே, இன்னொரு தடவை போடு" என்றான் ராஜ்கமல். மறுபடியும் ஒன்றும் ஒன்றும். மூன்றாவது தடவையும் அப்படியே விழவும் பானுப்ரியா பகடையைத் தள்ளிவிட்டு, இனித் தொட மாட்டேன் என்று கையை மடக்கிக்கொண்டாள்.

"மெக்கானிக் குழிக்குள்ள விழுந்துட்டான். இப்ப அவன் பேசணும்," என்றான் ராஜ்கமல்.

"கல்லு என்னங்க பேசும்?"

"ஆள் இல்லாதவங்களுக்கு நான்தான் பேசணும். ரூல்ஸ் அப்படி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வந்த குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது.

"ஏலே, கயிறு போடுங்கடா. காலு மடங்கிக் கெடக்கு. இம்புட்டுத் தண்ணிகூட இல்ல, வெறும் சேறு. எங்க அம்மாகிட்ட சொல்லிப்புடாதீங்கடா, வையும்."

அது அண்ணன் பேச்சு. புத்தகத்தைப் பார்த்தாள். ராஜ்கமலின் முழங்கைக்கு அடியில் அது மூடிக் கிடந்தது.

"நான் கயிறு போடுறேன்," என்று பகடையை உருட்டினாள். இரண்டிலும் ஆறு.

"கயிறு இல்ல."

"ஆறும் ஆறும் விழுந்திருக்கு, அண்ணே."

"கயிறு இல்ல, கேப்டன். மாங்கா திருடப் போன எடத்துல தோப்புக்காரரு நாயோட வந்துட்டாரு. மத்த ரெண்டு பேரும் ஓடிட்டாங்க."

"அந்தக் கிரகத்துல ஏதுங்க தோப்பு?" என்று பானுப்ரியா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

கௌசல்யாவுக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே வந்தால் அவன் வாயை மூடிக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொண்டு கேப்டனாகவே கேட்டாள்.

"திரும்பி வந்து என்ன சொன்னாங்க?"

"அவன் வேற கப்பல் ஏறிட்டான்னு. அவங்க அம்மா நம்பிருச்சு."

"மறுபடி அங்க போனாங்களா?"

"விடிஞ்சதும் போனாங்க. ஜேசிபி நின்னுச்சு. பாழுங்கிணத்த மூடிக்கிட்டு இருந்தாங்க."

அண்ணன் இல்லை. மூன்று வருஷமாகத் தேடிய பதில் இவ்வளவு சின்னதாக இருந்தது. கேப்டனும் கப்பலும் போன இடம் தெரியவில்லை.

"அப்ப உள்ள உசுரு இருந்துச்சா?"

ராஜ்கமல் புத்தகத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினான். சிவபிரகாஷ்தான் பேசினான்.

"இருந்துச்சு. மிஷின் சத்தத்துல டிரைவருக்குக் கேக்கல. புளியமரத்துக்குப் பின்னால நின்ன எங்களுக்குக் கேட்டுச்சு."

"நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"

"முந்தின நாளே உங்க அம்மாகிட்ட திருப்பூர் பஸ்ஸுன்னு சொல்லிட்டோமே, தங்கச்சி."

"என்ன சொல்லிக் கத்துனான்?"

"கத்தல," என்றான் சிவபிரகாஷ். "மேல மண்ணு உதிரவும், நாங்கதான் ஆள் கூட்டிட்டு வந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டான். எங்க ரெண்டு பேரு பேரையும் சொல்லி, 'வந்துட்டீங்களாடா'ன்னு கேட்டான்."