எழுதிக் கொடுத்த வீடு

என் மச்சாள் சீதேவி பொய்யே சொல்லமாட்டாள் என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். பிடிக்காத வீட்டுக் கல்யாணம் என்றால் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டு, கிணற்றடியில் நின்று உடுப்புத் தோய்ப்பாள். அப்படிப்பட்டவள், சொல்லியே ஆகவேண்டிய ஒரேயொரு பொய்யைக் கொழும்பில் சொல்லாமல் விட்டாள். அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது.

சீதேவி என் கணவரின் அக்கா. புருஷனை இளவயதிலேயே இழந்தவள். ஒரே மகள் நாகபூசணி. அவளைக் குலசிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தபோது, எங்கள் ஊர் வழக்கப்படி, நாரந்தனையில் தான் இருந்த வீட்டையும் வளவையும் சீதனமாக மகளின் பேருக்கு எழுதிக் கொடுத்தாள். மகளும் மருமகனும் லண்டனுக்குப் போன பிறகும் அந்த வீட்டைக் கூட்டி மெழுகி விளக்கேற்றியவள் இவள்தான். ஊரும் அதைச் சீதேவி வீடு என்றே சொல்லும்.

எழுபத்தெட்டில் குலசிங்கம் மாமியாரைத் தங்களோடு நிரந்தரமாக எடுக்க விண்ணப்பம் போட்டார். தாய்க்கு இங்கே சொத்தில்லை, பார்க்க ஆளில்லை, மகளை நம்பித்தான் சீவிக்கிறாள் என்று அதில் காட்டவேண்டுமாம். ஆளில்லை என்று எழுதியது எனக்குச் சுட்டது. நாலு வளவு தள்ளி இருக்கிற நான் என்ன செத்தா போய்விட்டேன்? காரியம் நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். விண்ணப்பம் கொழும்பில் லண்டன் விசா கொடுக்கிற கந்தோரில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது.

அந்த இடையில்தான் நாகபூசணிக்கு இரத்தத்தில் வருத்தம் என்று தெரியவந்தது. அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழுகிறாளாம். நிரந்தர விசா வரும்வரை பொறுக்க முடியாது, மாமி விசிட்டராக ஆறு கிழமைக்காவது வரட்டும் என்று குலசிங்கம் அறிவித்தார். சீதேவிக்கு வெளியூர்ப் பழக்கம் இல்லை. நான் கூடப் போனேன்.

வெள்ளவத்தையில் என் சொந்தக்காரர் சரவணமுத்து வீட்டில் தங்கினோம். பென்சன் எடுத்த கிளாக்கர், இந்த அலுவல்கள் தெரிந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதிலை ஒரு சிக்கல் இருக்கு அக்கா. அங்கையே இருக்கப் போறதெண்டால் இஞ்சை ஒண்டும் இல்லையெண்டு காட்டவேணும். பாத்திட்டு வாறதெண்டால் திரும்பி வர இஞ்சை ஏதாவது இருக்கவேணும். ரெண்டையும் ஒரே கந்தோரிலை கேக்கிறியள். அவன் சந்தேகப்படுவான்."

"அப்ப என்ன செய்யிறது தம்பி?" என்று கேட்டாள் சீதேவி.

"வீடு ஆரின்ரை எண்டு கட்டாயம் கேப்பினம். என்ரை எண்டு சொல்லுங்கோ. முதல் விண்ணப்பத்திலை மருமோன் பிழையா நிரப்பிப்போட்டார் எண்டு சொல்லிச் சமாளிக்கலாம். வேற வழி இல்லை."

சீதேவி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கந்தோரில் ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெடியன். நான் பின்னால் ஒரு கதிரையில். துரை கெட்டவனில்லை. மகளின் வருத்தத்தைக் கேட்டு உண்மையாகவே முகம் வாடினான். பிறகு, இங்கே உங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டான்.

சீதேவி திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லுங்கோ என்று கண்ணால் காட்டினேன்.

"இல்லைத் தம்பி," என்றாள் அந்தப் பெடியனிடம். "வீடு மகளின்ரை. அவளுக்கு எழுதிக் குடுத்தது."

பெடியன் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னான். அதோடு சரி. நிரந்தரமாகப் போகக் கேட்டிருக்கிறவர், இங்கே ஒன்றும் இல்லாதவர், திரும்பி வருவார் என்று நம்ப முடியாது என்று துரை மறுத்துவிட்டான். முதல் விண்ணப்பம் அப்படியே இருக்கும், பொறுத்திருங்கள் என்றான்.

றோட்டில் இறங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"வாயிலை என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்? ஒரு சொல்லு! என்ரை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதே?"

அவள் மதிலோரம் நின்றுவிட்டாள்.

"சீதனமாக் குடுத்த வீடு தாய்க்குத் திரும்பி வாறது எப்பவெண்டு உமக்குத் தெரியாதே மச்சாள்?"

எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தெரியாத பெண் யார்? பிள்ளை இல்லாமல் மகள் கண்ணை மூடினால்தான் அந்த வீடு தாய்க்கு வரும். நாகபூசணிக்குப் பிள்ளை இல்லை.

"அவள் அங்கை கட்டிலிலை கிடக்கேக்கை, வீடு என்ரை எண்டு நான் என்ரை வாயாலை சொல்லுறதோ? எனக்கு ஏலாது மச்சாள்."

அன்றைக்கு எனக்கு மனம் இரங்கவில்லை என்பதுதான் உண்மை. ஊருக்குத் திரும்பிய ரயிலில் அவளோடு முகம் கொடுத்தே பேசவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைவிட ஒரு சொல் பெரிதா என்று மனம் குமைந்துகொண்டு வந்தேன்.

ஆவணி பிறந்தவுடன் தந்தி வந்தது. நாகபூசணி போய்விட்டாள். எரித்ததும் அங்கேதான். அவளுக்குத் தாய் என்றுதானே விண்ணப்பம் போட்டது. அவள் போனதோடு அதுவும் போய்விட்டது. சீதேவி குசினி மூலையில் சுருண்டு கிடந்தாள். நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய்ப் பருக்கிவிட்டு வருவேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

குலசிங்கம் நேர்மையான மனிசன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, வீட்டை மாமியின் பேருக்கு மாற்றச் சொல்லி, உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசை அனுப்பிவைத்தார். நொத்தாரிசு உறுதியை வாசித்துக் காட்டிப் பேனையை நீட்டினார்.

"இதை எடுக்காமல் விட ஏலாதோ ஐயா?" என்று கேட்டாள் சீதேவி.

"வேற உரித்தாளர் ஒருத்தரும் இல்லையே அம்மா."

அவள் பேனையை வாங்கினாள். கையெழுத்தை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு நான் சொல்லேல்லைத்தானே மச்சாள்," என்றாள். "சொல்லாமலே வந்திட்டுது."