என் பெயர் போட்ட கல்

என் கல்லறையை நான் உயிரோடு நின்று பார்த்தேன். கதை விடவில்லை. இந்த நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று, சாயங்காலம் நாலு மணிக்கு, பாகூர் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அத்தனை சனத்துக்கு நடுவில் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஆண்டனி மார்ச் மாதம் தவறிப்போனார். அவரைப் புதைத்த இடத்தில் மண்மேடும் ஒரு மரச்சிலுவையும்தான் இருந்தன. வருஷம் திரும்பட்டும், கல் வைக்கலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அன்றைக்கு மகள் சுகன்யா, மருமகன் ராஜ்மோகன், நான் மூன்று பேரும் சாமந்திப்பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனோம். போனால் மண்மேட்டைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பு கிரானைட் கல் ஒன்று பளபளவென்று நிற்கிறது.

மேலே சிலுவை. அதற்குக் கீழே இடது பக்கம் ஆண்டனி என்று அவர் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. வலது பக்கம் ஆரோக்கியம் என்று என் பெயர். பிறப்பு 12.6.1966. அதற்குக் கீழே இறப்பு என்று வெட்டி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தது.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான். பூக்கூடை கையிலிருந்து விழுந்துவிட்டது.

பக்கத்துக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாடி ஆரோக்கியம், உன் பேரையும் போட்டு வெச்சிருக்குது? நீ இன்னும் சாவலயே!" என்றாள். அவ்வளவுதான், கல்லறையில் இருந்த கூட்டம் மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

எனக்கு ஏன் அப்படித் தலைக்கு ஏறியது என்று சொல்ல வேண்டும். எனக்கு இதய வால்வு சுருங்கிப்போச்சு. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கும். ஆபரேஷன் செய்து வால்வை மாற்ற வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். முதல் தடவை காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. இரண்டாவது தடவை கரிக்கலாம்பாக்கத்தில் நிச்சயதார்த்தம் என்று சொல்லிப் போகவில்லை. இரண்டும் பொய். மூன்றாவது தேதி, அந்தத் திருநாளுக்கு அடுத்து வந்த வியாழக்கிழமை, ஆறாம் தேதி. இதையும் விட்டால் இதயம் வீங்கிவிடும், அப்புறம் கத்தியே வைக்க முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தத் தேதியை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து வாங்கியவர் ராஜ்மோகன்தான்.

இப்போது தெரிகிறதா? வியாழக்கிழமை ஆபரேஷன், அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமையே கல்லில் என் பெயர். எல்லாம் தயாராக இருக்கிறது, தேதியை மட்டும் வெட்ட வேண்டியதுதான் பாக்கி!

"ஏன்டா, என்னப் பொதைக்க நாள் பாத்துட்டுதான் ஆஸ்பத்திரில தேதி வாங்குனியா?" என்று ராஜ்மோகனைப் பார்த்துக் கத்தினேன். மகளுக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருஷத்தில் மாப்பிள்ளையை 'டா' போட்டது அன்றைக்குத்தான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அத்த, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது அத்த" என்றார்.

"யம்மா, எல்லாரும் பாக்கறாங்க, வாய மூடும்மா" என்று சுகன்யா அழ ஆரம்பித்தாள்.

"பாக்கட்டும்டி! நல்லா பாக்கட்டும்! சாவறதுக்கு முன்னாடியே என் கல்லறயப் பாக்க வந்தவங்கதான எல்லாரும்!"

கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்த ஃபாதர், தீர்த்தச் செம்பைப் பிடித்தபடி எங்கள் கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். கல்லைப் படித்தார். என்னைப் பார்த்தார். தெளிக்கத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. "அமைதியா இருங்கம்மா" என்றார்.

"உங்க பேரப் போட்டிருந்தா நீங்க அமைதியா இருப்பீங்களா ஃபாதர்?"

பாவம், அவர் கல்லின் இடது பாதிக்கு மட்டும் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார். கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் வந்து, முந்தின நாள் சாயங்காலம் கல் தச்சர் தங்கவேல் மேஸ்திரி வண்டியில் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார், உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன் என்றார். வியாழக்கிழமை நான் எங்கேயும் வரப்போவதில்லை என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னால், சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வெளியே சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். எனக்குப் பயம். சாவு பயம். அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் உட்கார வைக்கிறவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் ஆண்டனி பெண்டாட்டியாக இருந்துகொண்டு!

அவர் லைன்மேன். தானே புயல் அடித்த வருஷம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது கம்பம் கம்பமாக ஏறியவர். எதற்கும் கலங்க மாட்டார். "எல்லாம் அவரு பாத்துக்குவாரு" என்று மேலே கையைக் காட்டிவிட்டுச் சோற்றில் கை வைப்பார். தினமும் ஜெபமாலை பிடித்து ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லும்போது முன்பாதியை அவர்தான் சொல்லுவார். கடைசி நாளிலும் சிலுவை போட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் கண்ணை மூடினார். விசுவாசம் என்றால் ஆண்டனி மாதிரி இருக்க வேண்டும் என்று அடக்கத்தில் ஃபாதரே சொன்னார். பின்பாதியை நானும் கூடவே முப்பத்தி நாலு வருஷம் சொன்னேன். வாய் சொல்லும், வயிறு கலங்கும். அப்படியென்றால் என் விசுவாசம் வெறும் வாய் வேலைதானே? ஆண்டவருக்கு அது தெரியாமலா இருக்கும்? இப்போது கல்லிலேயே வெட்டிக் காட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் ராஜ்மோகன் லீவு போட்டுவிட்டு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "வாங்கத்த, மேஸ்திரியவே கேட்டுடலாம்" என்றார். ஏறி உட்கார்ந்தேன்.

தங்கவேலின் பட்டறை வில்லியனூர் போகிற ரோட்டில், பிளாட் போட்டுக் கல் நட்ட வயல்களைத் தாண்டி இருக்கிறது. அவர் மிஷினில் கல் அறுத்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"யோவ் மேஸ்திரி! உயிரோட இருக்கறவ பேரக் கல்லுல வெட்டியிருக்கியே, உன் கை வெளங்குமா? எவன் சொல்லி வெட்டுன? எவன் காசு குடுத்தான்?"

அவர் மிஷினை நிறுத்தினார். மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். நான் திட்டி முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கி நானே நிறுத்தின பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஆரோக்கியம் அக்காதான? வருவீங்கன்னு தெரியும்க்கா. 'திட்டினே வருவா, திட்டி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்காத'ன்னு அண்ணன் சொல்லிட்டுதான் போனாரு."

"எந்த அண்ணன்?"

"ஆண்டனி அண்ணன்தான். அவருதான் இந்தக் கல்லு சொன்னாரு. காசும் அப்பவே குடுத்துட்டாரு. 'மொத கல்லறத் திருநாளுக்கு முந்தின நாளு நட்டுடு'ன்னாரு."

ராஜ்மோகன் ஓடிவந்து பிடித்து ஒரு கல்லின் மேல் உட்கார வைத்தார்.

"எப்ப வந்தாரு?"

"போன வருஷம் மாதா பொறப்புக்கு முந்தின வாரம்க்கா. டாக்டரு விஷயத்தச் சொன்ன அன்னிக்கே நேரா இங்கதான் வந்தாரு."

மாதா பிறந்தநாள் செப்டம்பரில். எனக்கு விஷயம் தெரிந்தது ஜனவரியில். கணையத்தில் கட்டி, முற்றிப்போச்சு என்று அப்போதுதான் சொன்னார்கள். அதுவரைக்கும் வயிற்றுப்புண் என்று சொல்லிக்கொண்டு நாலு மாதம் மோர் குடித்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். நான் தினமும் கடைந்து கொடுத்த மோர். தெரிந்துகொண்டே குடித்திருக்கிறார்!

"இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே, அதே கல்லு மேலதான் அவரும் உக்காந்தாரு" என்றார் தங்கவேல். "கை நடுங்குது. கம்பத்துல ஏர்ற கைக்கா அது. 'தங்கவேலு, எனக்கு பயமா இருக்குதுடா'ன்னாரு. மண்ணுக்குள்ள தனியாப் படுக்கணுமேன்னு நெனச்சா தூக்கம் வர்லன்னாரு. 'அவ பேரயும் பக்கத்துல போட்டுடு, தொணயா இருக்கும்'னாரு. உயிரோட இருக்கறவங்க பேரெல்லாம் வெட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். மூணு தரம் திருப்பி அனுப்பிட்டேன். நாலாவது தரம் அழுதுட்டாரு. அப்புறம் நான் இன்னா பண்றது, சொல்லுங்க?"

"எங்கூட்டுக்காரரா? அழுதாரா?" பெற்ற தாயை அடக்கம் செய்த அன்றைக்கும் கண்ணில் தண்ணீர் விடாத மனுஷன் அவர்.

"கொழந்த மாதிரி அழுதாருக்கா. 'வூட்ல சொல்லலாமில்லண்ணே'ன்னு கேட்டேன். 'நான் பெரிய தைரியசாலின்னு அவ நெனச்சினு இருக்காடா. நானே பயந்தா அவ எதப் புடிச்சினு நிப்பா'ன்னாரு."

நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். முப்பத்தி நாலு வருஷம். ஒரே பாயில் படுத்து, ஒரே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் பயந்துகொண்டு கிடந்திருக்கிறோம். அவர் என்னை ஏமாற்ற, நான் அவரை ஏமாற்ற! என்ன குடும்பம் நடத்தினோம் நாங்கள்?

தங்கவேல் இன்னும் முடிக்கவில்லை. "ஒவ்வொரு தரமும் போறதுக்கு முன்னாடி இங்கயே, இந்தக் கல்லுத்தூளுல முட்டி போட்டு உங்க சாமியக் கும்புடுவாரு. ஒரு நாளு கேட்டேன், 'இவ்ளோ கும்புடறியே, பயம் போச்சாண்ணே?'ன்னு. 'போவலடா. பயத்த எடுத்துடுன்னு நான் கேக்கவும் இல்ல. பயந்துனேதான் வரேன், கைய மட்டும் உட்றாதன்னு கேக்கறேன்'னாரு. எனக்கு உங்க சாமியப் பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா. ஆனா அதுக்கப்புறம் அவரு கை நடுங்கல. அத நான் பாத்தேன்."

ஆண்டவரே சாவதற்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் பயந்து வேர்த்தார் என்று பெரிய வியாழன் தோறும் கோயிலில் கேட்கிறேன். கேட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு வருஷமாவது என் மண்டையில் ஏறியதா? ஒரு கல் தச்சர் சொல்லி ஏற வேண்டியிருக்கிறது.

"செதுக்கி எடுத்தா பள்ளம் தெரியும்க்கா" என்றார் தங்கவேல். "வோணாம்னா சொல்லுங்க, உங்க பேருக்கு மேல ஒரு தகடு போட்டு மறச்சிடறேன்."

"இருக்கட்டும்" என்றேன். "அவரு ஆசப்பட்டுப் போட்டது, இருக்கட்டும். ஆனா அந்தக் காலி எடத்தப் பாத்துட்டு நீயா அவசரப்பட்டு உளியத் தூக்கினு வந்துடாத, ஆமாம்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது கல்லறைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ராஜ்மோகனை வாசலிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். முந்தின நாள் கொட்டின சாமந்தி அப்படியே கிடந்தது. பொறுக்கிக் கல்லின் மேல் வைத்தேன். அப்புறம் நன்றாகத் திட்டினேன்.

"பயந்தாங்கொள்ளி! ஊருக்கெல்லாம் பெரிய வீரன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லயா? நானும் பயந்தாங்கொள்ளிதான்யா. உன்னவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. ரெண்டு பேருமா சேந்து பயந்திருப்போமேய்யா."

திட்டி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அவர் முன்னால் சொல்லுகிற பாதியை அன்றைக்கு நானே சொன்னேன், நான் பின்னால் சொல்லுகிற பாதியையும் நானே சொன்னேன். வயிறு அப்போதும் கலங்கத்தான் செய்தது. கலங்கினால் கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் ராஜ்மோகன் வண்டியைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, வியாழக்கெழம எத்தினி மணிக்குக் கெளம்பணும்?" என்றேன்.

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவருக்கும் அது தெரியும். "காலைல ஆறு மணிக்கு அத்த" என்றார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வளையல், தோடு, ஜெபமாலை எல்லாவற்றையும் கழற்றிச் சுகன்யா கையில் கொடுத்துவிட்டார்கள். பச்சைத் துணியைப் போர்த்தி என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெறும் விரலிலேயே ஜெபமாலை மணியை எண்ணிக்கொண்டு போனேன். தியேட்டர் கதவுக்கு வெளியில், தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் பெண் குனிந்து என் கையைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா ஆயா, பயமா இருக்குதா?" என்றாள்.

ஐம்பத்தி ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"ஆமாம்டி கண்ணு, ரொம்ப பயமா இருக்குது" என்றேன். "நீ தள்ளு, போலாம்."