நாலு பேரும் சேர்ந்து தோற்கிற ஆட்டம்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தத் தொழிற்சாலையில் அன்று பாய்லர் படுத்துவிட்டது. நீராவி இல்லாமல் மடிப்பு மெஷின் ஓடாது. மத்தியானம் ரெண்டரைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த மெஷினில் நிற்கும் அவளுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. நாலு மணிக்கு லாரி ஓட்டும் அவளுடைய அண்ணன் வருவதாக இருந்தது. வீட்டிலிருக்கிற வீடியோ கேம் பெட்டியைச் சாக்கில் கட்டி எங்காவது கொண்டுபோய்விடு என்று அவள்தான் சொல்லியிருந்தாள். புருஷனிடம் இன்னும் சொல்லவில்லை.

அவன் கிடங்கில் பாரம் இறக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு இரும்புப் பெட்டி இடுப்பில் இறங்கியது. நடக்கிறான், உட்காருகிறான், இனி பாரம் தொடக்கூடாது. ஒப்பந்தம் முடிந்து கூட்டமும் ஆளுக்கொரு ஊராகப் போனது. போகும்போது அவர்களில் மீசை என்பவன்தான் இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து புருஷன் திரைக்கு முன்னால் கிடக்கிறான். அவளிடம் "ம்", "வேணாம்" தவிர வேறு பேச்சில்லை.

"துப்பாக்கி சுடுற ஆட்டமா? மூளையை அரிச்சிரும்டி. முதல்ல பேச்சு நிக்கும், அப்புறம் கை நீளும்" என்று மெஷினில் பக்கத்தில் நிற்பவள் சொன்னாள். பேச்சு நின்றுதானே விட்டது! கை நீளுமோ என்று அவளுக்குப் பயமில்லை. அவனுடைய பழைய குரல் திரும்பி வராமலே போய்விடுமோ என்றுதான் பயம்.

மாடிப்படி ஏறும்போதே கேட்டது.

"கை வச்சாச்சா? எல்லாரும் வச்சாச்சா? விடாத, விடாதடா டேய்!"

கிடங்குக் குரல். சாப்பாடு கொண்டுபோன நாட்களில் தெருமுனையிலேயே அவள் காதில் விழுந்த குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் தள்ளினாள். உள்ளே அவன் மட்டும், காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். திரையில் நாலு ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராகச் செத்துக்கிடந்தார்கள்.

"என்ன சீக்கிரம்?" என்றான், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

"பாய்லர் படுத்துருச்சு. யாருகூட பேசுறீங்க?"

"நம்ம பசங்கதான். மீசை, குட்டையன், தூங்குமூஞ்சி. காலை ஷிப்டு முடிஞ்சு மூணு பேரும் அவனவன் ஊர்லேருந்தே ஆட்டத்துக்கு வந்துருவானுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "என்கிட்ட எட்டு மாசத்துல எட்டு வார்த்தை பேசல. அவங்ககிட்டன்னா வாய் வருதா?"

அவன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "நீ வந்ததும் முதுகு எப்படி இருக்குன்னு கேப்ப. மாத்திரை போட்டாச்சான்னு கேப்ப. நான் என்னத்த சொல்ல? அவனுங்க, 'மேஸ்திரி, எந்தப் பக்கம் போகட்டும்'னு கேப்பானுங்க."

எட்டு மாதமாக அவள் வேறெதையும் கேட்கவில்லைதான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, ஏன் எல்லாரும் ஒரே இடத்துல செத்தீங்க?"

அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஒருத்தனுக்கு அடிபட்டா கீழ விழுந்து தவழுவான். பக்கத்துல போய்ப் பத்து நொடி புடிச்சா எந்திரிப்பான். ஆனா புத்தியுள்ளவன் விட்டுட்டு ஓடிருவான். இவனுங்களுக்கு ஓட வரல. மூணு பேரும் வந்து நிக்குறானுங்க, மொத்தமா சாகுறோம். ஆறு மாசத்துல ஒரு ஆட்டம் ஜெயிக்கல. எதிர்ல ஆடுற பொடிசுங்க எங்களுக்குப் பேரே வச்சிருச்சுங்க, பொணந்தூக்கின்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றது. நாலு பேரும் 'வச்சாச்சு' என்று சொல்லிப் பாரம் தூக்கினால், அதைக் கீழே இறக்கும்வரை யாரும் கையெடுக்கக் கூடாது. அது கிடங்குச் சட்டம். அன்றைக்குப் புதிதாக வந்த ஒருவன் கையெடுத்ததில்தான் புருஷனின் இடுப்பு போனது.

ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அண்ணி! நீங்களா?" குட்டையன். "நீங்க வேணா வாங்க, தூங்குமூஞ்சிய வெளிய அனுப்பிடலாம். ஆட்டத்துலயும் தூங்குறான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மேஸ்திரிக்கு முதுகு எப்படி இருக்கு அண்ணி? அவர்கிட்ட கேட்டா சாத்திருவாரு."

அவள் புருஷனைப் பார்த்தாள். "பரவாயில்ல" என்று மட்டும் சொல்லி ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த ஆட்டத்தில் முதலில் அடிபட்டு விழுந்தது புருஷன்தான். திரையில் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டிருந்தபோது அண்ணன் சாக்கோடு உள்ளே நுழைந்தான்.

"எங்கம்மா அந்தச் சனியன்? சீக்கிரம் எடு, வண்டி நடுரோட்டுல நிக்குது."

புருஷன் சாக்கைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். விரல்கள் அப்படியே நின்றுபோயின. ஹெட்போனில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவது அவளுக்கே கேட்டது.

"கொஞ்சம் இருண்ணா" என்றாள். "இவரை இன்னும் தூக்கல."

"யாரை?"

அவள் திரையைக் காட்டினாள். குண்டுகளுக்கு நடுவே ஒரு குள்ள உருவம் குனிந்து ஓடிவந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னும் இரண்டு. அண்ணன் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தான். "அடேய், அந்தப் பக்கம் போகாத, சுட்டுருவான்" என்று தன்னையறியாமல் சொன்னான்.

அவள் சரிந்திருந்த தலையணையை எடுத்துப் புருஷனின் இடுப்புக்குப் பின்னால் செருகினாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"எந்தப் பக்கமா வர்றாங்க?" என்றாள்.