ஐந்தாவது அடுக்கு

ஐந்தாவது அடுக்கின் முதல் பெட்டி கன்டெய்னரின் கூரையில் முட்டி நின்றது. கொழுந்தன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். அட்டைதான் நசுங்கியது.

"அண்ணி, உங்க கணக்கு உள்ள போயிடுச்சு. பெட்டிதான் போகல."

கீழே நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அவள் 'கணக்கக்கா'. எதை எதில் எத்தனை ஏற்றலாம் என்பதை அந்தக் கிடங்கில் அவள்தான் சொல்வாள். ஏற்றுவது கொழுந்தனின் வேலை.

இருநூற்றைம்பது பெட்டி. பெட்டிக்கு நான்கு குட்டி நாற்காலி. கடல் தாண்டி ஒரு புதுப் பள்ளிக்கூடம் அவற்றுக்காகக் காத்திருந்தது. "ஒரே கன்டெய்னர், ஒரு நாற்காலிகூடக் குறையாது" என்று தலைமையாசிரியையிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். இன்னும் உயரமான கன்டெய்னராகக் கேட்கலாம் என்று கொழுந்தன் சொன்னபோது அவனை மேற்கொண்டு பேச விடவில்லை. நான்கு மணிக்குள் துறைமுகத்தில் ஒப்படைக்காவிட்டால் கப்பல் போய்விடும். அடுத்தது வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

அவள் ஏணியில் ஏறினாள். கையில் காகிதம்.

"கன்டெய்னர் முப்பத்துமூணு கன மீட்டர். பெட்டி எல்லாம் சேர்ந்து இருபத்தொன்பதரை. மூணரை கன மீட்டர் சும்மா கிடக்குடா!"

"எங்க கிடக்குனு காட்டுங்க அண்ணி, போய்ப் படுத்துக்கறேன்."

நான்காவது அடுக்குக்கும் கூரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும், பெட்டி நுழைந்துவிடும். இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு இரண்டு விரலுக்கு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது.

பெட்டியை அளந்தாள். நாற்பத்தேழரை சென்டிமீட்டர் இருக்க வேண்டிய உயரம் நாற்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. உடனே தொழிற்சாலைக்குப் போன் போட்டாள்.

"உங்க பெட்டி ஊதிப்போயிருக்கு."

"பெட்டி ஊதறதுக்கு அது என்ன பலூனாம்மா? பத்தொன்பது அங்குலம்னு எழுதிக் கொடுத்தோம். அளந்து பாத்துட்டுப் பேசுங்க."

டேப்பைத் திருப்பினாள். மறு ஓரத்தில் அங்குலக் கோடுகள். பத்தொன்பது. மயிரிழைகூடப் பிசகவில்லை.

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். மேசைக்கு நேர் மேலே நீலப் பெயின்ட்டில் கொட்டை எழுத்து: 1 அங்குலம் = 2.5 செ.மீ. ஆட்களுக்கு மனக்கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் அவளே எழுதியது. சின்னப் பார்சல்களுக்கு இடித்ததே இல்லை. சரியான அளவு 2.54. விடுபட்டது பாயின்ட் பூஜ்யம் நான்கு. பத்தொன்பது அங்குலத்தில் அது முக்கால் சென்டிமீட்டர் ஆனது. ஐந்து அடுக்கில் ஏறக்குறைய நான்கு. அத்தனை வருடமும் ஆட்களைவிட அதிகமாக அதைப் பார்த்துக் கணக்குப் போட்டவள் அவள்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டாள். எல்லாப் பெட்டியையும் பக்கவாட்டில் படுக்க வைத்தால் ஐந்து அடுக்கும் நிற்கும். நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இருநூற்று நாற்பதுதான் பிடிக்கும்.

"இறக்குங்க."

"எத்தனைய?"

"எல்லாத்தையும்."

"அக்கா, எங்க மேல என்னக்கா கோவம்?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"உங்க மேல இல்ல. இறக்குங்கப்பா."

மூன்றேகாலுக்குக் கதவைப் பூட்டினார்கள். லாரி போன பிறகு தரையில் பத்துப் பெட்டி. அவள் தலைமையாசிரியையைக் கூப்பிட்டாள்.

"நாப்பது நாற்காலி இந்தக் கப்பல்ல வராதுங்க. அடுத்ததுலதான். தப்பு என் கணக்குல. வேற யார் மேலயும் இல்ல."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "பெரிய பசங்களை நிக்க வெச்சுக்கறேன். எத்தனை நாள்னு மட்டும் சரியா சொல்லுங்க. இதுலயும் அரைகுறை வேண்டாம்."

அவள் தேதியைச் சொன்னாள். சொல்வதற்கு முன் காலண்டரை இரண்டு தடவை பார்த்தாள்.

கொழுந்தன் மிஞ்சிய பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிக் காட்டணும்னா காட்டிடு," என்றாள்.

"காட்டறதுக்குத் தெம்பு வேணுமே அண்ணி. ஏத்துனது மட்டுமே நானூத்தி நாப்பது தடவ."

அவள் சுவரருகே போய், நகத்தால் அந்த 2.5-ஐச் சுரண்டினாள். நல்ல பெயின்ட். உரியவில்லை.