பன்னிரண்டு பாட்டில்

இரண்டு மணிக்குள் ஆர்டர் அனுப்பாவிட்டால் வியாழக்கிழமை லாரியில் தண்ணீர் பாட்டில் வராது என்று அவள் நினைத்தாள். கணவனின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு இதை நினைக்கலாமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். நினைக்கலாம் என்றுதான் பட்டது.

விடிகாலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவன், மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டான். சுடுகாட்டுக்கு எடுத்துப்போக நான்கு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி ஒன்றே கால்.

அவள் கைபேசியை எடுத்தாள்.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மகள், காதோடு.

"பாக்கட்டும்."

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய குளிர்பானக் கடைக்கு இந்த மென்பொருள் வந்தது. எது எத்தனை இருக்கிறது, எதை என்ன விலைக்கு விற்பது, எதை எப்போது வரவழைப்பது எல்லாம் அதுவே சொல்லும். அவன் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தான். "எங்கம்மா போனதுக்கப்புறம் கேள்வி கேக்க ஆளில்லாம இவ நிம்மதியா இருந்தா. பொறுக்கல, கூட்டிட்டு வந்துட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

வந்த முதல் கோடையிலேயே மாமியார் காலை வாரிவிட்டாள். பட்டப்பகலில் சோடா தீர்ந்துபோனது. லாரி வர மூன்று நாளாகும் என்பது அதற்குத் தெரியவில்லை. கடைசிப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் சரக்கு கேட்டது. அன்றிலிருந்து அவன் கடை மூடும்போது எண்ணிவிட்டு, ஒவ்வொரு வகையிலும் பன்னிரண்டு பாட்டில் குறைத்தே பதிந்தான். "கொஞ்சம் பயம் காட்டினாத்தான் சீக்கிரம் கேக்குது பாரு" என்றான், பெரிய தந்திரத்தைக் கண்டுபிடித்தவனைப் போல.

ஒரே மாதத்தில் அவள் உள்பக்கம் ஒன்றில் லாரி வர எத்தனை நாளாகும் என்று பதிகிற இடத்தைக் கண்டுபிடித்து, ஒன்று என்றிருந்ததை மூன்றாக்கினாள். அதோடு பன்னிரண்டுக்கு வேலை இல்லாமல் போனது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பான். சிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து எண்ணுகிற வேலையையே அவளிடம் தள்ளியிருப்பான். அது மட்டும்தானா காரணம் என்று அவள் பல தடவை யோசித்திருக்கிறாள், பாதியில் விட்டிருக்கிறாள். அவன் சாயங்காலம் பன்னிரண்டைக் குறைப்பான். அவள் காலையில் கடையைத் திறந்ததும் பன்னிரண்டைக் கூட்டுவாள். ஆறு வருடம்.

நேற்று மூடும்போது அவன் பதிந்த எண்கள் கைபேசித் திரையில் இருந்தன. நாற்பத்தொரு வகை. அப்படியே விட்டால் கடை கொள்ளாத அளவுக்குச் சரக்கு வந்து இறங்கும். அவள் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். அவசரப்படவில்லை. எலுமிச்சை சோடாவுக்கு வந்தபோது, நாளைக் காலையில் இந்த வேலை இருக்காது என்பது உறைத்தது. விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போனது.

மாம்பழச் சாறு பத்து நாளில் காலாவதியாகிறது, விலையைக் குறைக்கலாமா என்று திரை கேட்டது. அவன் இருந்தால் சட்டென்று வேண்டாம் என்பான். அவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள். தண்ணீருக்கு அது இருபது பெட்டி போதும் என்றது. வாரக் கடைசியில் மைதானத்தில் பந்தயம் நடப்பது அதற்கெப்படித் தெரியும்? முப்பத்தைந்தாக மாற்றி அனுப்பினாள். மணி ஒன்று ஐம்பது.

கணவனின் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். காலையில் கடைச் சாவியைக் கேட்டு வாங்கிப் போனவர். தம்பியின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளைச் சமையலறைப் பக்கம் வரச் சொல்லித் தலையசைத்தார்.

"இதப் பாரும்மா." நேற்று மூடும்போது அச்சடித்த இருப்புச் சீட்டு அவர் கையில் இருந்தது. "நானும் எம் பையனும் மூணு வகைய எண்ணிப் பாத்தோம். மூணுலயும் சீட்டுல இருக்கறத விட பன்னெண்டு பாட்டில் ஜாஸ்தி. யாரோ விளையாடிருக்காங்க."

"யாரும் விளையாடல மாமா."

"பின்ன, பேய் வந்து வச்சுட்டுப் போச்சா?" கூடத்தில் யாரோ இருமினார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி உன்னை நம்பி விட்டான். உனக்கே தெரியாம உள்ள என்னென்னமோ நடந்திருக்கு. இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? பையன் கம்ப்யூட்டர் படிச்சவன், இன்னிலேருந்தே அவன் பாத்துக்கட்டும். அந்த பின் நம்பரை மட்டும் சொல்லு. போனையும் குடு."

ஒரு வார்த்தையில் விளக்கிவிடலாம். விளக்கினால் இவர் சிரிப்பார். கூடத்தில் போய்ச் சொல்லுவார். சாயங்காலத்துக்குள் எல்லாரும் அவனை நினைத்துச் சிரிப்பார்கள், அன்பாகத்தான்.

"எனக்குத் தெரிஞ்சுதான் நடந்துது மாமா" என்றாள்.

"என்ன தெரிஞ்சு?"

அவள் அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி நான்காக மடித்தாள்.

"சரி, அது கிடக்கட்டும். நாளைக்குக் கடைய யாரு திறக்கறது?"

"நாளைக்கு மூடியிருக்கும். வியாழக்கிழமை லாரி வருது. நான் திறப்பேன்."

"தனியாவா?"

"ஆமா."

அவர் கையை நீட்டினார். அதட்டலாக இல்லை, குழந்தையிடம் கத்திரிக்கோலைக் கேட்பது போல. "குடும்மா. சொன்னாக் கேளு."

அவள் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, நீட்டியபடி இருந்த அந்தக் கையில் வைத்தாள்.

"வெயில்ல அலைஞ்சுட்டு வந்திருக்கீங்க, குடிங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, நின்றபடியே முழுவதையும் குடித்தார்.