கீழ்வீட்டு ரவுட்டர்

தம்பிக்காரர் மூன்று நாளாக ஒரு கதவைத் திறந்துகொண்டிருந்தார். மரக்கதவாக இருந்தால் தோளால் ஒரு இடி இடித்திருப்பார். இது கணினிக்குள் இருக்கிற கதவு, போர்ட் என்று பெயர், வெறும் ஓர் எண். அவர் திறந்துவிட்டதாக அவருடைய ரவுட்டர் சூடமேற்றிச் சத்தியம் செய்தது. வெளியிலிருந்து சோதித்துச் சொல்கிற வலைத்தளமோ, ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில் ‘மூடியிருக்கிறது’ என்றது.

தம்பிக்காரருக்குத் தொழில் படங்களுக்கு ஒலி சேர்ப்பது. ஐந்து மாதமாகக் கையில் வேலை இல்லை. ஆறாவது மாதம் ஒரு ஆவணப்பட இயக்குநர் கிடைத்தார், கடல் தாண்டி ஏதோ விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர் தன் படத்தைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் தம்பிக்காரரின் ஒலி அவர் கைக்குப் போய்ச் சேராவிட்டால், பழைய ஒலியோடு படம் போய்விடும். தம்பிக்காரர் பெயர் படத்தில் இருக்காது. அடுத்த வேலை அந்தப் பெயரை நம்பித்தான் இருந்தது.

அனுப்ப வேண்டியது நாற்பது ஜிபி. யாருடைய சர்வரிலாவது ஏற்றிவிட்டு லிங்க் கொடுக்கலாம் என்றால் இயக்குநர் ஒப்பவில்லை. அவருடைய போன படம் அப்படி ஒரு மகா பாதுகாப்பான இடத்திலிருந்துதான் ஊருக்கெல்லாம் கசிந்ததாம். அதனால் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு, நடுவில் யாரும் இல்லாமல் நேராக அனுப்புகிற மென்பொருள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பேரில் ஒருவராவது, வெளியிலிருந்து வருகிற அழைப்பை உள்ளே விட வேண்டும். விடுதியில் ஈ, காக்கையைக்கூட உள்ளே விடமாட்டார்கள். ஆக, விட வேண்டியவர் தம்பிக்காரர்.

அவர் செய்யாத முயற்சி இல்லை. ஃபயர்வாலை அணைத்தார். வைரஸ் காவலனை வீட்டுக்கு அனுப்பினார். கணினிக்கு நிலையான முகவரி கொடுத்தார். போர்ட் எண்ணை நான்கு முறை மாற்றினார், ஏதோ ராசியான எண் ஒன்று மாட்டிவிடும் என்பதுபோல. ரவுட்டரைப் பத்து முறை அணைத்துப் போட்டார். முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவரையொருவர் முட்டாள் என்று திட்டிக்கொள்கிற ஓர் இணைய மன்றத்தில் போய்க் கேட்டார். அவர்கள் இவரையும் சேர்த்துத் திட்டினார்கள். மென்பொருளின் மூலையில் இருந்த மஞ்சள் விளக்கு மட்டும் பச்சையாக மாறவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேறு வழியில்லாமல் இணையக் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

“சார், பதிவு பண்ண நம்பர்லேர்ந்து கூப்பிடுங்க. இது வேற நம்பரா இருக்கு,” என்றது ஒரு பெண் குரல்.

“அந்த நம்பர் இப்ப பக்கத்துல இல்லம்மா,” என்றார். உண்மைதான். அந்த நம்பர் பதின்மூன்று படி கீழே இருந்தது.

“சரி சார், பொதுவா சொல்றேன். உங்க ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துல வெளி முகவரின்னு ஒண்ணு போட்டிருக்கும். அது எதுல ஆரம்பிக்குது?”

“நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு…”

“அது வீட்டுக்குள்ள குடுக்குற முகவரி சார். அப்படின்னா உங்க ரவுட்டருக்கு முன்னாடி இன்னொரு ரவுட்டர் இருக்கு. வெளியிலேர்ந்து வர்றது எல்லாம் முதல்ல அங்கதான் வரும். உங்க கதவைத் திறந்து என்ன சார் பிரயோஜனம்? வாசல் கேட் சாத்தியிருக்கே.”

தம்பிக்காரர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். ஏதோ புது நோயின் பெயரைக் கேட்டவர்போல உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த இன்னொரு ரவுட்டரை அவருக்கு நன்றாகத் தெரியும். கீழ்வீட்டுக் கூடத்தில், அண்ணன்காரரின் புத்தக அலமாரிக்கு மேலே இருக்கிறது.

அண்ணன்காரர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில், நாலு பேர் முன்னால், “இவனுக்கென்ன, காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு வேலையா?” என்று சிரித்துவிட்டார். நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. மறுநாளிலிருந்து பாகப்பிரிவினை ஆரம்பித்தது. மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிட்ச். தண்ணீர்த் தொட்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு. தபால்பெட்டி இரண்டு. செய்தித்தாள்கூட இரண்டு, இரண்டிலும் ஒரே பொய்.

இணையத்தை மட்டும் பிரிக்கவில்லை. கம்பி சுவருக்குள் ஓடியது. அதைப் பிரிக்க வேண்டுமானால் பேச வேண்டும். பேசக்கூடாது என்பதற்காகத்தானே பிரித்ததெல்லாம்? அதனால் தம்பிக்காரர் கம்பியின் மேல்முனையில் புதிதாக ஒரு ரவுட்டரை மாட்டி, புதுப் பெயரும் புதுக் கடவுச்சொல்லும் வைத்து, தனக்கென்று தனி இணையம் வந்துவிட்டதாகத் தானே முடிவுசெய்துகொண்டார். தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் கூடக்குறைய எடுத்தால் மானம் போய்விடும் என்றிருந்த மனிதர், எட்டு மாதமாக அண்ணன் இணையத்தில்தான் மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்.

“போய்க் கேளுங்களேன்,” என்றாள் மனைவி.

“வேற வழி யோசிக்கிறேன்.”

“யோசிங்க. மூணாவதா ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டிப் பாருங்க. இல்லன்னா நாற்பது ஜிபியையும் வாயால சத்தம் போட்டு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடுங்க. ஒலிதானே.”

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பதினொரு மணிக்கு இயக்குநரிடமிருந்து செய்தி வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்பேன், அப்புறம் பழைய ஒலியைச் சேர்த்துவிடுவேன், மன்னியுங்கள் என்று. அதற்கு மேல் வீம்புக்கு நேரமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தம்பிக்காரர் கீழே இறங்கினார்.

அண்ணி கதவைத் திறந்தாள். “வாங்க தம்பி,” என்றாள், நேற்றும் வந்துபோனவரிடம் சொல்கிற மாதிரி. பள்ளிக்கு விடுமுறை, கூடத்தில் அண்ணன்காரர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சிவப்புப் பேனா மட்டும் ஒரு விநாடி நின்றது.

“அண்ணி, ரவுட்டர்ல ஒரு போர்ட் திறக்கணும். அவர்கிட்ட சொல்லுங்க,” என்றார் தம்பிக்காரர், இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்காமலே.

“என்னங்க, போர்ட்டாம்,” என்றாள் அண்ணி.

“எதுக்குன்னு கேளு,” என்றார் அண்ணன்காரர் விடைத்தாளிடம்.

“எதுக்காம் தம்பி?”

“வெளியிலேர்ந்து கனெக்ஷன் உள்ள வரணும். பன்னிரண்டு மணிக்குள்ள.”

“வெளியிலேர்ந்து எதுவோ உள்ள வரணுமாம். என்ன எண்ணு, எந்த முகவரின்னு எல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது,” என்றாள் அண்ணி. “எனக்கு அடுப்புல வேலை இருக்கு. எட்டு மாசமா நடுவுல நின்னு பேச்சை வாங்கிக் குடுத்து எனக்கு வாய் வலிக்குது. இனிமே நேரா பேசிக்கோங்க.” விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு சுவர்க்கடிகாரமும் மிஞ்சினார்கள். அண்ணன்காரர் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார். மடிக்கணினியை இழுத்தார், ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார், திரையைத் தம்பி பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு பட்டியல் வந்தது. வீட்டில் இணையத்தில் சேர்ந்திருக்கிற கருவிகள் எல்லாவற்றுக்கும் வாத்தியார் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தார். டி.வி. பள்ளி மடிக்கணினி. மனைவி போன். என் போன். கடைசியில் ‘தம்பி’. அடுத்த கட்டத்தில், முன்னுரிமை என்ற தலைப்பின் கீழே, முதல் நான்குக்கும் ‘சாதாரணம்’ என்றிருந்தது. ‘தம்பி’க்கு நேராக ‘முதலிடம்’ என்றிருந்தது.

தம்பிக்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

“இது எப்ப போட்டது?” என்றார். நேராகக் கேட்டுவிட்டது அவருக்கே தெரியவில்லை.

“நீ மேல தனி ரவுட்டர் மாட்டின அன்னிக்கு. புதுசா ஒண்ணு இந்தப் பட்டியல்ல வந்து நின்னுச்சு, நீதான்னு தெரிஞ்சது.”

“எதுக்கு?”

“நீ பெரிய பெரிய ஃபைலா அனுப்புவே. இங்க டி.வி. ஓடும்போது உனக்கு நடுவுல நின்னுட்டா?” அண்ணன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, எண்ணைச் சொல்லு.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்று எட்டு மாதமாகத் தீட்டி வைத்திருந்தார் தம்பிக்காரர். அதற்குப் பதிலாக ஐந்து இலக்க எண்ணைச் சொன்னார். அண்ணன்காரர் வாத்தியார் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி, சரிபார்த்து, ‘சேமி’ என்பதை அழுத்தினார்.

இரண்டு நிமிடத்தில் போன் அதிர்ந்தது. மேலிருந்து மனைவி. “பச்சை விளக்கு வந்திடுச்சுங்க. அந்தப் பொண்ணு கனெக்ட் ஆயிட்டா. போக ஆரம்பிச்சிடுச்சு, மூணரைக்குள்ள முடிஞ்சிடுமாம்.”

“போகுதாம்,” என்றார் தம்பிக்காரர். எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்கவில்லை. “இத்தனை மாசம் உங்க டி.வி. நின்னு நின்னுதான் ஓடுச்சா?”

“நின்னா என்ன? செய்திதானே.”

தம்பிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. மறைத்துப் பிரயோஜனமில்லை என்று தோன்ற, சொல்லியே விட்டார்.

“அண்ணா, நான் சமாதானம் பேச வரல. இந்தப் போர்ட்டுக்காகத்தான் வந்தேன்.”

“தெரியும்டா,” என்றார் அண்ணன்காரர். “மேல ஏறி வர்றதுக்கு எனக்கு அப்படி ஒரு சாக்குகூடக் கிடைக்கல.”